ஸ்கேட்போர்டு உடை ஏன் அப்படி இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொளதொள பேண்ட், தட்டையான அடிப்பாகம் கொண்ட ஷூ, பெரிய டி-சட்டை, ஹூடி. பலகையில் கால் வைத்தே பார்க்காதவர்களும் இன்று இவற்றை விரும்பி அணிகிறார்கள். இவற்றில் முக்கால்வாசி அழகுக்காகப் பிறந்தவை அல்ல. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டும், அடிபட்ட இடத்தில் மெத்தை வைத்தும் கொஞ்சம் கொஞ்சமாக உருவானவை. ஸ்கேட் செய்யும் ஒருவனாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஸ்கேட் உடையில் எது முக்கியம்?

ஷூ. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

காரணத்தைக் கைக்கே தெரியும்படி சொல்கிறேன். ஒரு ஸ்கேட்போர்டின் மேல்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கறுப்பாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதற்கு கிரிப் டேப் என்று பெயர். மரவேலையில் தேய்க்கும் உப்புத்தாளுக்கு அது நெருங்கிய சொந்தம். கால் வழுக்காமல் இருக்கத்தான் அதை ஒட்டுகிறார்கள். ஆனால் கால் அதன்மேல் சும்மா நிற்பதில்லை, உரசிக்கொண்டே இருக்கிறது.

'ஆலி' என்ற அடிப்படை வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் தொடாமல் பலகையோடு மேலே எழும்புவதுதான் ஆலி. பின்கால் பலகையின் வாலைத் தரையில் அடிக்கும். பலகை செங்குத்தாக எழும். அந்த நொடியில் முன்காலைப் பக்கவாட்டில் சாய்த்து, ஷூவின் வெளிப்பக்கத்தால் பலகையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் பலகை சமநிலைக்கு வரும். அதாவது ஒவ்வொரு ஆலியும் ஷூவின் பக்கவாட்டை உப்புத்தாளில் ஒருமுறை தேய்ப்பதற்குச் சமம். ஒரு மாலையில் ஐம்பது முறை முயன்றால் ஐம்பது தேய்ப்பு.

அப்படியானால் ஷூ எந்த இடத்தில் கிழியும்?

இடது காலை முன்னால் வைத்து ஓட்டுபவரின் பழைய ஜோடி ஒன்றைப் பாருங்கள். இடது ஷூவில் சுண்டுவிரலுக்குச் சற்றுப் பின்னால் முதலில் ஒரு பளபளப்பு வரும். அடுத்து அந்த இடம் சாம்பல் நிறமாகும். பிறகு தையல் நூல் அறுந்து நுனி வெளியே நீட்டும். கடைசியில் ஒரு ஓட்டை விழுந்து சாக்ஸ் தெரியும். ஸ்கேட்டர்கள் இதை 'ஆலி ஓட்டை' என்றே சொல்வார்கள். லேஸும் அதே பக்கத்தில் கீழ்த் துளைகள் அருகே அறுபடும்.

வலது ஷூவின் கதை வேறு. தரையை உந்தித் தள்ளுவதும், பாதத்தைத் தரையில் தேய்த்து வேகத்தைக் குறைப்பதும் பெரும்பாலும் அந்தக் கால்தான். அதனால் மேல்பாகம் புதிதுபோல இருக்க, அடிப்பாகம் மட்டும் தேய்ந்து வழவழப்பாகிவிடும். ஒரு ஜோடி ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தாலே, அதை அணிந்தவர் எந்தக் காலை முன்னால் வைப்பவர் என்று சொல்லிவிடலாம்.

முதலில் ஸ்கேட் ஷூ செய்தது யார்? வான்ஸா?

வான்ஸ் இல்லை. 1960களில் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு வீரர்கள்தான் பலகைக்குச் சக்கரம் மாட்டி ஓட்டினார்கள். கடலில் போலவே இதிலும் பலர் வெறுங்கால்தான். 1965இல் லைஃப் பத்திரிகையின் அட்டையில் பேட்டி மெக்கீ என்ற இளம்பெண் ஸ்கேட்போர்டின் மேல் தலைகீழாகக் கையூன்றி நின்றார். அவர் காலிலும் ஷூ இல்லை. அதே ஆண்டுவாக்கில் ராண்டால்ஃப் ரப்பர் நிறுவனம் 'ராண்டி 720' என்ற ஷூவை ஸ்கேட்டர்களுக்கென்றே விற்கத் தொடங்கியது.

அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த பால் வான் டோரன், தம்பி ஜேம்ஸ் உள்ளிட்ட கூட்டாளிகளோடு 1966 மார்ச்சில் ஆனஹைம் நகரில் தொடங்கியதுதான் இன்றைய வான்ஸ். அவர்கள் ஸ்கேட்டர்களை மனதில் வைத்து ஆரம்பிக்கவில்லை. கெட்டியான ரப்பர் அடிப்பாகமும் பலமான கேன்வாஸும் கொண்ட ஷூவை, தொழிற்சாலையிலிருந்தே நேரடியாக விற்க நினைத்தார்கள். முதலில் அடிப்பாகத்தில் வைர வடிவக் கோடுகள் மட்டுமே இருந்தன. பாதம் மடங்கும் இடத்தில் அந்தக் கோடுகளின் வழியே ரப்பர் வெடித்ததால், அங்கே செங்குத்துக் கோடுகளும் சேர்க்கப்பட்டன. 'வாஃபிள் சோல்' என்று இன்று எல்லோரும் சொல்லும் வடிவம் ஒரு விரிசலைச் சரிசெய்யப் போய் வந்தது. அது பலகையை நன்றாகப் பிடிப்பதைக் கண்டுகொண்டவர்கள் ஸ்கேட்டர்கள்.

பிறகு ஸ்கேட்டர்கள் சொல்லி ஷூ மாறியது எப்போது?

1970களின் நடுவில். அதற்கு முன் சக்கரத்தைப் பற்றி இரண்டு வரி. பழைய களிமண் சக்கரங்கள் சின்னக் கல் பட்டாலே நின்றுவிடும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சக்கரங்களை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். பிடிமானமும் வேகமும் கூடின. 1976, 77 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. பிள்ளைகள் அந்தக் காலிக் குளங்களின் வளைந்த சுவர்களில் ஏறத் தொடங்கினார்கள். வேகம் கூடியது, உயரம் கூடியது, விழுந்தால் படும் அடியும் கூடியது.

1976இல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்ட்டா என்ற இரண்டு ஸ்கேட்டர்களின் யோசனைகளோடு வான்ஸ் 'எரா' ஷூவை வெளியிட்டது. முந்தைய ஷூவிலிருந்து முக்கிய மாற்றம் ஒன்றுதான்: கணுக்காலைச் சுற்றிய விளிம்பில் மெத்தை. அடுத்த ஆண்டு 'ஓல்ட் ஸ்கூல்' வந்தது. அதில் விரல் பகுதியிலும் குதிகாலிலும் தோல் வைத்துத் தைத்தார்கள், ஏனென்றால் கேன்வாஸ் முதலில் கிழிந்தது அங்கேதான். 1978இல் கணுக்காலை மூடும் உயரமான 'ஸ்கேட்-ஹை' வந்தது. தெறித்து வரும் பலகை கணுக்கால் எலும்பில் அடிக்கும்போது உயிர் போகும். அடிபட்டவர்களுக்கு அந்த உயரத்தின் அருமை தெரியும்.

இந்த மூன்றும் இன்றுவரை விற்கின்றன. மூன்றையும் அந்த வரிசையில் அடுக்கிப் பார்த்தால், எந்த ஆண்டில் உடம்பின் எந்த இடம் அடிவாங்கியது என்று படிக்கலாம்.

ஒற்றை ஷூ விற்றார்கள் என்பது உண்மையா?

உண்மை. கடைக்குப் பின்னாலேயே தொழிற்சாலை இருந்ததால் வான்ஸுக்கு அது சாத்தியமாயிற்று. ஒரு கால் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும் ஸ்கேட்டர் பிள்ளைகளுக்கு, தேவையான காலுக்கு மட்டும் ஷூ கொடுத்தார்கள். ஸ்கேட்டர்கள் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்கு எந்த விளம்பரத்தையும்விட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கேன்வாஸ் நல்லதா, ஸ்வேட் நல்லதா?

ஓட்டுவதற்கு என்றால் ஸ்வேட். யோசிக்கவே வேண்டாம்.

கேன்வாஸ் நெய்த துணி. கிரிப் டேப் ஒரு நூலை அறுத்தால் பக்கத்து நூல்கள் தளர்ந்து, ஓட்டை தானாகவே பெரிதாகும். ஸ்வேட் தோலின் உட்பக்க இழை. அது பொடிப்பொடியாக உதிர்ந்து மெல்லத் தேயும், சட்டென்று கிழியாது. அதன் மென்மயிர் பலகையைக் கவ்வவும் செய்யும். பளபளப்பான மேல்தோல் பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் மேல்பூச்சு முதல் வாரத்திலேயே உரிந்துவிடும். வெறுமனே நடக்கத்தான் என்றால் கேன்வாஸ் போதும். காற்றோட்டமும் அதில்தான் அதிகம்.

வல்கனைஸ்டு, கப்சோல் என்று கடையில் சொல்கிறார்களே?

ஷூவின் மேல்பாகத்தோடு அடிப்பாகத்தைச் சேர்க்கும் இரண்டு முறைகள் அவை. வல்கனைஸ்டு முறையில் மேல்பாகத்தைச் சுற்றி ரப்பர் பட்டையை ஒட்டி, சூட்டில் வேகவைத்து இறுக்குவார்கள். அடிப்பாகம் மெல்லியது, நன்றாக வளையும், பலகையின் ஒவ்வோர் அசைவும் பாதத்துக்குத் தெரியும். கப்சோல் என்பது கிண்ணம் போல வார்த்த அடிப்பாகம். மேல்பாகத்தை அதனுள் வைத்துச் சுற்றித் தைப்பார்கள். தடிமன் அதிகம், படிக்கட்டிலிருந்து குதித்தால் குதிகாலைக் காப்பாற்றும். ஆனால் பழகி வளைய நாளாகும். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் வல்கனைஸ்டு என்றுதான் சொல்வேன். பலகையில் கால் எங்கே இருக்கிறது என்று உணர்வதுதான் ஆரம்பத்தில் பெரிய பாடம்.

ஹாஃப் கேப் ஷூ பற்றி ஒரு கதை சொல்வார்களே, அது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கதை அது. ஸ்டீவ் கபயேரோ என்ற ஸ்கேட்டரின் பெயரில் 1989இல் வான்ஸ் ஓர் உயரமான ஷூவை வெளியிட்டது. பெரிய சரிவுகளில் ஏறி இறங்குபவர்களுக்கு அது சரி. ஆனால் அந்தச் சமயத்தில் ஆட்டம் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நடைபாதை விளிம்பு, கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு என்று எல்லாவற்றின் மேலும் பலகையைச் சுழற்ற வேண்டியிருந்தது. அதற்குக் கணுக்கால் தாராளமாக வளைய வேண்டும். பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்து ஷூவின் கழுத்தை வெட்டினார்கள். வெட்டிய விளிம்பில் டேப்பைச் சுற்றி ஒட்டினார்கள். கபயேரோவும் அதைத்தான் செய்தார். 1992இல் வான்ஸ் அந்த வெட்டிய உயரத்திலேயே புதிய ஷூவைத் தைத்து 'ஹாஃப் கேப்' என்று வெளியிட்டது.

அன்றைக்குக் கத்தரிக்கோல் போட்ட கோடுதான் இன்றும் அதன் விளிம்பு.

90களின் கடைசியில் ஷூக்கள் ஏன் அவ்வளவு புசுபுசுவென்று இருந்தன?

பாதி தேவை, பாதி மோகம். படிக்கட்டுகளையும் பெரிய இடைவெளிகளையும் தாண்டிக் குதிக்கும் காலம் அது. தரையிறங்கும் அதிர்ச்சியைத் தாங்க மெத்தை கேட்டார்கள். 1994இல் தொடங்கிய டிசி போன்ற நிறுவனங்கள், அறுந்துபோகாமல் லேஸை மறைக்கும் வளையங்கள், தடித்த நாக்கு, இரட்டைத் தையல் என்று சேர்த்தன. இதெல்லாம் நல்ல வேலை. பின்னர் நிறுவனங்களுக்குள் போட்டி வந்து, 2000களின் தொடக்கத்தில் வந்த ஆசிரிஸ் டி3 மாதிரி ஷூக்கள் பாதத்தைவிட இரண்டு மடங்கு அகலமாகத் தெரிந்தன. கால் பலகையை உணரவே முடியாத நிலை வந்ததும் ஸ்கேட்டர்கள் மெல்லிய ஷூவுக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது அந்தப் புசுபுசு ஷூக்கள் மறுபடி ஃபேஷனாக வருகின்றன. நடக்க வசதிதான், தாராளமாக அணியுங்கள்.

தொளதொள பேண்ட் எதற்கு?

முட்டியை நெஞ்சு வரை மடக்க வேண்டும், அதற்குத்தான். ஆலி உயரமாக எழ, இரு முட்டிகளையும் மேலே இழுத்துக் குந்த வேண்டும். இறுகிய ஜீன்ஸ் தொடையிலும் முட்டியிலும் பிடித்து நிறுத்திவிடும், இல்லையென்றால் கவட்டுத் தையல் விட்டுப்போகும். விழும்போது தளர்வான துணி தரையில் முதலில் உரசி, தோலுக்கு ஒரு நொடி அவகாசம் கொடுக்கும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் வந்த மிகப் பெரிய பேண்டுகளுக்கு வசதி மட்டுமே காரணம் இல்லை. அப்போது சக்கரங்கள் 40 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கின, பேண்டுகள் அதற்கு நேர்மாறாக விரிந்தன. தரையைப் பெருக்கும் நீளமுள்ள விளிம்பு சக்கரத்தில் மாட்டும், குதிகாலுக்கு அடியில் போய் வழுக்கும். அதனால்தான் பலர் பேண்டின் கீழ்விளிம்பைக் கத்தரித்து, மடித்துத் தைக்காமல் நூல் தொங்க அப்படியே விட்டார்கள். இன்று கடையில் விளிம்பு பிரிந்த ஜீன்ஸைப் பார்த்தால் எனக்கு அந்தப் பேண்டுகள்தான் ஞாபகம் வரும்.

2000களில் ஒல்லியான பேண்டும் வந்தது. துணியில் எலாஸ்டேன் கலந்து இழுபட்டுக் கொடுத்ததால் அது முடிந்தது. ஆக அகலம்தான் வேண்டும் என்பதில்லை. முட்டி மடங்க வேண்டும், அவ்வளவுதான்.

டிக்கீஸ், கார்ஹார்ட் எல்லாம் தொழிலாளர் உடைகள்தானே? ஸ்கேட்டர்கள் கைக்கு எப்படி வந்தன?

விலை குறைவு, சீக்கிரம் கிழியாது. இரண்டே காரணம். கார்ஹார்ட் 1889இல் டெட்ராய்ட்டில் ரயில்வே தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. டிக்கீஸ் 1922இல் டெக்சாஸில் தொடங்கியது. டிக்கீஸின் 874 என்ற பேண்ட் 1967இலிருந்து வருகிறது. 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் பருத்தி, நெருக்கமான சாய்வு நெசவு. ஜீன்ஸைவிடச் சீக்கிரம் காயும், வியர்வையில் கனக்காது.

கார்ஹார்ட்டில் முன்பக்கம் தொடையிலிருந்து முட்டிக்குக் கீழ் வரை இரட்டைத் துணி வைத்த பேண்ட் உண்டு. தரையில் மண்டியிட்டு வேலை செய்பவருக்காகச் செய்தது. தரையில் மண்டியிட்டு விழுபவருக்கும் அது அப்படியே பொருந்தியது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. உடலை வருத்தி உழைக்கும் ஒருவருக்காக யாரோ ஏற்கெனவே அக்கறையோடு யோசித்துத் தைத்திருந்தார்கள்.

பெல்ட்டுக்குப் பதில் ஷூ லேஸைக் கட்டுகிறார்களே, அது ஸ்டைலா?

அதற்கும் காரணம் உண்டு. ஒருமுறை பக்கவாட்டில் விழுந்தபோது என் பெல்ட்டின் உலோகக் கொக்கி இடுப்பு எலும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கொக்கியின் வடிவத்திலேயே கன்றிப்போய் மூன்று வாரம் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து லேஸ்தான். பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டை வளையங்களை மட்டும் சேர்த்து முடிச்சுப் போட்டால் போதும். ஷூ லேஸ் அறுந்தால் அவசரத்துக்கு அதையே அவிழ்த்துக் கோத்துக்கொள்ளலாம்.

அதே காரணத்தால் பின்பாக்கெட்டில் போனோ சாவிக்கொத்தோ வைக்காதீர்கள்.

ஹூடி, நீண்ட சாக்ஸ், பீனி தொப்பி?

ஹூடி முழங்கைக்கும் முதுகுக்கும் ஒரு தடித்த அடுக்கு. சூடேறியதும் கழற்றி இடுப்பில் கட்டிவிடலாம். கோடு போட்ட நீண்ட சாக்ஸ் 1970களில் அரைக்கால் சட்டையோடு வந்தது, தெறிக்கும் பலகையிலிருந்து முன்னங்கால் எலும்பைக் கொஞ்சமாவது காக்க. பீனி முடியையும் வியர்வையையும் கண்ணில் விழாமல் பிடிக்கும், குளிருக்கும் ஆகும். அதற்குமேல் அதில் பெரிய சூட்சுமம் இல்லை.

கட்டம் போட்ட வான்ஸ் ஷூ எங்கிருந்து வந்தது?

பிள்ளைகளிடமிருந்து. ஷூவைச் சுற்றிய வெள்ளை ரப்பர் பட்டையில் அவர்கள் பேனாவால் கறுப்புக் கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் கவனித்த நிறுவனம் அதையே துணியில் அச்சிட்டது. 1982இல் ஒரு ஹாலிவுட் படத்தில் நடிகர் ஷான் பென் அதை அணிந்த பிறகு உலகத்துக்கே தெரிந்துபோனது.

ஸ்கேட் செய்யாதவர் த்ராஷர் டி-சட்டை அணிவது தவறா?

இல்லை. த்ராஷர் 1981இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஸ்கேட்போர்டு பத்திரிகை. அதன் தீப்பிழம்பு எழுத்துள்ள சட்டையைப் பாட்டுக்காரர்களும் நடிகர்களும் அணிய ஆரம்பித்ததும் சில ஸ்கேட்டர்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பூங்காக்களிலிருந்தும் கடை வாசல்களிலிருந்தும் துரத்தப்பட்டவர்களின் அடையாளம் அது. பலகையோடு வந்தால் விரட்டும் அதே இடத்தில், அந்தச் சட்டையை அணிந்த பொம்மை கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அணிபவர்மேல் குற்றமில்லை. அது ஒரு பத்திரிகையின் பெயர் என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் சொல்லலாம்.

சுப்ரீம் உண்மையிலேயே ஸ்கேட் கடையா?

1994இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா திறந்தபோது சந்தேகமே இல்லாமல் ஸ்கேட் கடைதான். துணிகளைச் சுவரோரமாக மாட்டி, கடையின் நடுவைக் காலியாக விட்டிருந்தார்கள். பலகையில் இருந்து இறங்காமலே உள்ளே வரலாம். 2020இல் விஎஃப் நிறுவனம் அதை ஏறத்தாழ 210 கோடி டாலருக்கு வாங்கியது. 2024இல் 150 கோடி டாலருக்கு எசிலோர்லக்ஸோட்டிகா என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனத்திடம் விற்றது. வான்ஸும் 2004இலிருந்து அதே விஎஃப் கையில்தான் இருக்கிறது. தொகைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். எனக்கு அந்தக் கடையில் பெரிதாகத் தெரிவது காலியாக விட்ட அந்த நடுத்தரைதான்.

பெண்களுக்குத் தனி ஸ்கேட் ஷூ உண்டா?

தனியாக வேண்டியதில்லை, சரியான அளவு வேண்டும். பெண்களுக்கென்று வந்த பல ஷூக்களில் நிறத்தை மாற்றிவிட்டு, ஸ்வேடுக்குப் பதில் மெல்லிய துணியை வைத்துவிட்டார்கள். அதே கிரிப் டேப்பில்தான் அவர்களும் ஓட்டுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. அந்த வயதில் கால் அளவு சிறியதாகத்தான் இருக்கும். சின்ன அளவிலும் அதே தோல், அதே தையல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹெல்மெட் இந்தப் பட்டியலில் வருமா?

வர வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் ஷூவுக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான், பேண்ட் அல்ல. சைக்கிள் ஹெல்மெட் பெரும்பாலும் ஒரே பெரிய அடிக்காகச் செய்தது. ஸ்கேட்டர்கள் அடிக்கடி விழுவார்கள். ஏஎஸ்டிஎம் எஃப்1492 என்ற தரக்குறி உள்ளதாகப் பாருங்கள், அது ஸ்கேட்போர்டுக்கென்றே வகுத்தது. சரிவுகளில் ஓட்டுபவர்கள் கெட்டி பிளாஸ்டிக் மூடியுள்ள முட்டிக் கவசம் அணிவார்கள். விழும்போது மண்டியிட்டு அந்த மூடியின்மேல் சறுக்கி இறங்குவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வித்தை.

கடையில் நல்ல ஸ்கேட் ஷூவை எப்படி அடையாளம் காண்பது?

விரலால் பாருங்கள். சுண்டுவிரல் பக்கத்தில் ஒட்டுத் துண்டோ தையலோ குறுக்கே போகாமல் ஒரே ஸ்வேட் துண்டாக இருந்தால் நல்லது, ஏனென்றால் முதலில் அறுபடுவது தையல்தான். தையல் இருந்தே ஆக வேண்டும் என்றால் இரட்டை, மூன்று வரிசையாக இருக்கட்டும். சில ஷூக்களில் ஸ்வேடுக்கு அடியில் ஒரு ரப்பர் படலம் இருக்கும். மேலே தேய்ந்தாலும் ஓட்டை விழாது. அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். ஓட்டப்பந்தய ஷூ மாதிரி குதிகால் உயர்ந்திருந்தால் பலகையில் நிற்கச் சரிப்படாது.

ஓட்டை விழுந்த ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். ஷூ ஒட்டும் பசை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த இடத்தின் தூசியைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஓட்டை பெரிதென்றால் பழைய ஷூவிலிருந்து ஒரு ஸ்வேட் துண்டை வெட்டி உள்பக்கமாக வைத்து ஒட்டுங்கள். வெளியே பசையை மெல்லிசாகத் தடவி, தண்ணீரில் நனைத்த விரலால் நீவி விடுங்கள். ஒரு முழு நாள் காயட்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஓட்டினால் கிரிப் டேப் மொத்தப் பசையையும் உரித்துவிடும். இன்னும் நல்ல வழி, ஷூ புதிதாக இருக்கும்போதே அந்தத் தையல்மேல் ஒரு கோடு பசை வைத்துவிடுவது.